எட்டடி அறைக்கு ஒரு ஜோடி ஸ்பீக்கர்

பிச்சைமுத்து முப்பது வருசம் டவுன் பஸ் ஓட்டி ஓய்ந்தவர். அவருடைய குருவுக்கு வயசு முப்பத்தைந்துகூட ஆகவில்லை. பெயர் ஆரோக்கியமேரி. திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு மாடிப்படிக்குக் கீழே கடை. கிழிந்த ஸ்பீக்கரைச் சரிசெய்வாள், சின்ன ஸ்பீக்கர்கள் விற்பாள். வாங்க வந்த மனுசன், அவள் காது கொடுத்துக் கேட்கிற அழகைப் பார்த்துவிட்டு, "எனக்கும் கேட்கக் கத்துக்கொடு தாயி" என்று தினமும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

அவருக்குக் கேட்க வேண்டியது பாட்டு இல்லை. அவர் மகள் பூங்கோதை, கூடப் படித்த கண் தெரியாத தோழிக்காகச் சரித்திரப் பாடத்தை வாசித்துப் போனில் பதிந்து வைத்திருந்தாள். நடுவில் இருமுவாள், சிரிப்பாள், வீட்டாரோடு பேசுவாள். டெங்குக் காய்ச்சலில் அவள் போய் ஒன்றரை வருசம் ஆகிறது. அவள் அறையில் உட்கார்ந்து அந்தக் குரலை அவள் குரலாகவே கேட்க வேண்டும். வேறு ஆசை இல்லை அவருக்கு.

"குருவே, இந்தப் பெரிய பெட்டியை எடுத்துக்கவா?"

"ரூம் என்ன அளவு சிஷ்யரே?"

"எட்டுக்கு ஒம்பது."

"சந்துக்குள்ள டவுன் பஸ்ஸை ஏத்துவீங்களா?"

"ஏத்தியிருக்கேன். மெமோ குடுத்தாங்க."

ஆரோக்கியமேரி சிரித்துக்கொண்டே, புத்தகத் தட்டில் அடங்குகிற ஒரு சின்ன ஜோடியை எடுத்துத் துடைத்தாள். விலையும் பென்ஷனுக்குள் அடங்கியது. அட்டைப்பெட்டிகள் அடைந்து கிடந்த அந்தக் கடையிலேயே போட்டுக் கேட்டார்கள். பூங்கோதை எதிரே உட்கார்ந்து வாசித்தாள். பிச்சைமுத்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மறுநாள் அதே ஜோடியோடு திரும்பி வந்தார்.

"இது அவ குரல் இல்லம்மா. கிணத்துக்குள்ள இருந்து பேசுறாப்ல இருக்கு."

"நேத்து இங்க நல்லா இருந்துச்சே?"

"இங்க இருந்துச்சு. வீட்டுல இல்ல. மட்டமானதைத் தலையில கட்டிட்டியா?"

அவள் வேறொரு ஜோடி கொடுத்தாள். அதையும் இரண்டாம் நாள் குறை சொல்லிக்கொண்டு வந்தார்.

"என் வீட்டுக்காரி வளையலை வித்துடறேன். மேல் தட்டுல இருக்கே, உசந்த விலை, அதைக் குடு."

பசை தொட்டிருந்த குச்சியைக் கீழே வைத்தாள் ஆரோக்கியமேரி. முதலில் கொடுத்த சின்ன ஜோடியைப் பையில் போட்டாள். கடையின் ஷட்டரை இழுத்துவிட்டாள்.

"நடங்கண்ணே, உங்க வீட்டுக்கு."

அவர் மனைவி மரகதம் தண்ணீர் கொடுத்து, அறைக்கதவைத் திறந்துவிட்டாள். வெள்ளையடித்த நாலு சுவர். டைல்ஸ் தரை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தட்டில் அந்த இரண்டாவது ஜோடி ஸ்பீக்கர். வேறு ஒரு துரும்பு இல்லை.

ஆரோக்கியமேரி ஒரு தரம் கை தட்டினாள். சத்தம் சுவருக்குச் சுவர் ஓடி, இறங்க இடமில்லாமல் அலைந்தது.

"பாப்பா பதிவு பண்ணினது இந்த ரூம்லயாக்கா?"

"இதுலதான்."

"அப்ப இங்க இருந்ததெல்லாம் எங்க?"

மரகதம் புருசனைப் பார்த்தாள். பிறகு பரணைக் காட்டினாள். "பதினாறாம் நாளே ஏத்திட்டாரு. தொடக் கூடாதுன்னுட்டாரு."

"இறக்கலாமாண்ணே?"

பிச்சைமுத்து வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். மரகதம்தான் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

பஞ்சு மெத்தை வந்தது. தலையணை, ஜன்னல் திரை, கட்டுக் கட்டாகப் புத்தகம், சுடிதார் மூட்டை. எது எங்கே இருந்தது என்று யோசிக்காமலே மரகதம் அதனதன் இடத்தில் வைத்தாள். கடைசியாக ஒரு நீலத் துப்பட்டாவைக் கதவு ஆணியில் மாட்டினாள்.

ஆரோக்கியமேரி மறுபடி கை தட்டினாள். சத்தம் தட்டின இடத்திலேயே அடங்கிவிட்டது. சின்ன ஜோடியைப் பொருத்திப் போட்டுவிட்டாள்.

பூங்கோதை வாசித்தாள். கடையில் கேட்டதைவிடக் கிட்டத்தில், மெத்தை ஓரமாக உட்கார்ந்து வாசித்தாள். வரி தப்பியது, சிரித்தாள். "யம்மோவ், குக்கரை அணை!"

மரகதம் அடுப்படிப் பக்கம் இரண்டு எட்டு வைத்துவிட்டு, நின்றாள்.

பிச்சைமுத்து எழுந்து போனை நிறுத்தினார். துப்பட்டா இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"அவ குரல்தாம்மா. அவளேதான்." போனைத் துண்டில் துடைத்தார். "ஆனா இதையெல்லாம் கண்ணால பார்த்துக்கிட்டு என்னால உட்கார முடியாது. எல்லாத்தையும் மேல ஏத்திடறேன். இதே குரலை வெறும் ரூம்ல குடுக்கிற மாதிரி ஒரு ஸ்பீக்கர் சொல்லு. என்ன விலையானாலும் சரி."

ஆரோக்கியமேரி ஸ்பீக்கர் ஒயரை விரலில் சுற்றினாள்.

"அப்படி ஒண்ணு இருந்திருந்தா, போய்ச் சேர்ந்த என் வீட்டுக்காரர் குரலைக் கேக்க நான்தாண்ணே முதல்ல வாங்கியிருப்பேன்."