ஓலைக்கிளிகளின் முதுகுப்பக்கம்

தேரிக்காட்டின் ஓரத்தில், செம்மண்ணையும் பனைமரத்தையும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத இடத்தில், ஒரு சின்ன மடம் இருந்தது. மடத்தை நடத்தியவளை எல்லோரும் தாயி என்று கூப்பிட்டார்கள். வயசு என்னவோ நாற்பதைத் தாண்டாது. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த கொம்பையாவுக்கோ அறுபது முடிந்துவிட்டது. அவர் அவளைத் தாயி என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

மடத்துக்கு வருமுன் கொம்பையா திருநெல்வேலியில் மணவறை ஜோடிக்கிற வேலை பார்த்தவர். சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் ஜோடித்த மேடையில் யார் வந்து உட்கார்ந்தாலும் ராஜா ராணிதான்.

சொந்த மகள் ஆவுடைச்செல்வியின் கல்யாணத்துக்கும் அவர்தான் ஜோடித்தார். தாரை வார்க்கிற நேரம் வந்தது. பெண்ணின் அப்பா எங்கே என்று தேடினார்கள். அப்பா மேடையோரம் ஏணியில் நின்று, சரிந்துபோன ஒரு பூச்சரத்தை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

“ஒரு நிமிஷம்” என்றார்.

முகூர்த்தம் யாருக்காகக் காத்திருக்கும்? சித்தப்பா வந்து தாரை வார்த்துக் கொடுத்தார்.

அன்றைக்கு மூடிய வாயை ஆவுடை அப்பாவிடம் திறக்கவே இல்லை. அம்மா இறந்தபோது வந்தாள், அழுதாள், போனாள். அவர் இருந்த பக்கம் திரும்பவில்லை. அதற்கப்புறம்தான் கொம்பையா ஏணியையும் கத்திரியையும் யாருக்கோ கொடுத்துவிட்டு மடத்துக்கு வந்தார்.

பொங்கலுக்கு மறுநாள் மடத்தில் விருந்து நடக்கும். அழைப்பு, சம்பிரதாயம் ஒன்றும் கிடையாது. யார் வேண்டுமானாலும் வரலாம். சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழும்வரை கதை பேசிவிட்டுப் போகலாம். அந்த வருஷம், அப்பாவை விட்டுவிட்டுத் தாயியிடம் மட்டும் எப்போதாவது பேசுகிற ஆவுடை போன் பண்ணினாள்.

“உங்களைப் பாக்க வாரேன் தாயி. ஆனா அங்க கை நனைக்க மாட்டேன்.”

ஒரு இடத்தில் கை நனைக்க மாட்டேன் என்று சொல்வது லேசான பேச்சா? தாயி வந்து சொன்னதும் கொம்பையா அவள் பின்னாலேயே போனார்.

“தாயி, எம் மக இங்க உக்காந்து ஒரு வாய் சாப்பிடணும். அதுக்கு நான் என்ன செய்யணும்?”

தாயி பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நிற்கவில்லை.

“உங்களுக்குத் தெரிஞ்சதைச் செய்ங்க. மேசையை ஜோடிங்க.”

“அப்ப பூவுக்கு டவுனுக்குப் போயிட்டு வந்துருதேன்.”

“கடையில ஒண்ணும் வாங்க வேண்டாம் அண்ணாச்சி. தேரிக்குள்ள கிடக்கிறது போதும்.”

கொம்பையாவுக்குச் சுருக்கென்றது. பெங்களூரிலிருந்து பெட்டி பெட்டியாகப் பூ இறக்கிய கை அது. தேரிக்குள் என்ன இருக்கிறது? காய்ந்த மட்டையும் பனங்கொட்டையும்தான். ஆனாலும் தாயி சொல்லிவிட்டாள். ஒரு சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, முணுமுணுத்துக்கொண்டே போனார்.

பொங்கல் அடுப்புக்கு வெட்டிப்போட்டதில் மிஞ்சிய பச்சை ஓலை கிடந்தது. ஓர் ஓலையைக் கிழித்து, மடித்து, செருகிப் பார்த்தார். கிளி வந்துவிட்டது. மூக்கும் வாலுமாக உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. கொம்பையா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை காலம் எத்தனை ஆயிரம் பூவை அள்ளிக் கொட்டியிருப்பார், ஒன்றையாவது இப்படிப் பார்த்திருப்பாரா?

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. மடப்பள்ளியில் எறிந்த தேங்காய்ச் சிரட்டைகளை மணல் போட்டுத் தேய்த்து விளக்காக்கினார். காப்புக் கட்டியது போக மீந்த பூளைப்பூவையும் ஆவாரம்பூவையும் பனங்கொட்டைகளுக்கு நடுவே செருகினார். காய்ந்த பாளைகளை நிறுத்தி, தென்னந்தும்புக் கயிற்றால் கட்டி, கிளைகிளையாகக் கிளிகளை உட்கார வைத்தார். குப்பை என்று காலால் தள்ளியதெல்லாம் கைக்கு வந்ததும் உயிர்பெற்றது. அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

மடத்துச் சாப்பாட்டு மேசை என்பது பழைய கதவுகளை வரிசையாகப் போட்டு, இரண்டு பக்கமும் பெஞ்சு வைத்தது. விருந்தன்று காலையில் அந்த மேசையைப் பார்த்த சமையல்கார இசக்கியம்மாள் கரண்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“ஆத்தாடி, கோயில் தேரையில்லா கொண்டாந்து நிப்பாட்டியிருக்காரு” என்றாள்.

கொம்பையா தாயியைக் கூட்டி வந்தார்.

“இங்கன, வாசப்படியில நின்னு பாருங்க தாயி.”

தாயி நின்று பார்த்தாள். மேசையின் நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு சின்னக் காடே எழுந்து நின்றது. அத்தனை கிளிகளும் வாசலையே பார்த்தன. அவள் கை தானாகவே மேலே போய்க் கும்பிட்டது.

“என்ன கைங்க இது அண்ணாச்சி” என்றாள் மெதுவாக.

பிறகு மேசையைச் சுற்றிப் போய், உள்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“இங்க வந்து உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“என்ன தெரியுது?”

கொம்பையா பார்த்தார். கிளிகளின் முதுகு தெரிந்தது. முடிச்சுகள், வெட்டின காம்புகள், தும்பின் பிசிறு, முட்டுக்கொடுத்த குச்சிகள் எல்லாம் தெரிந்தன. மணவறை ஜோடிக்கிறவனுக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. கேமரா வருகிற பக்கம்தான் பக்கம்.

தாயி எழுந்து எதிர்ப்பக்கத்துப் பெஞ்சுக்குப் போனாள்.

“இப்ப நான் தெரியுதேனா?”

“குரல்தான் வருது தாயி.”

“சரி. நான் போய் இலை நறுக்குதேன்” என்று போய்விட்டாள்.

கொம்பையா அந்த இடத்திலேயே இருந்தார். மணவறையில் உட்கார்ந்திருந்த ஆவுடைக்கு அன்றைக்கு என்ன தெரிந்திருக்கும்? அந்த யோசனை ஒரு நாளும் வந்ததில்லை. இப்போது வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

எழுந்து கட்டுகளை அவிழ்க்க ஆரம்பித்தார். பாளைகளைச் சாய்த்துப் படுக்க வைத்தார். பூக்களைத் தாழ வைத்தார். கிளிகளை ஒவ்வொன்றாகச் சாப்பிடுகிறவர் பக்கம் திருப்பினார். பாதிகூட ஆகவில்லை, வெளியே ஆட்டோ வந்து நின்றது.

ஆவுடை தனியாகத்தான் வந்தாள். வாசலில் நின்றாள். கொம்பையா சரியப்போன ஒரு பாளையை இடதுகையால் தாங்கிக்கொண்டு, வலதுகையில் தும்போடு நின்றார்.

“தாயி எங்க?” என்றாள். அவரிடம்தான் கேட்டாள், வேறு ஆள் இல்லை.

“வாம்மா, உக்காரு. ஒரு நிமிஷம், இந்த முடிச்சை மட்டும்…”

சொல்லி முடிக்கவில்லை. மகளின் முகம் கதவு சாத்தினதுபோல மூடிக்கொண்டது. அவள் வந்த வழியே திரும்பினாள்.

கொம்பையா கையை விட்டார்.

பாளை சாய்ந்தது. அது பக்கத்துப் பாளையை இழுத்தது. கிளிகள் பொலபொலவென்று உதிர்ந்தன, சிரட்டைகள் உருண்டு தரையில் விழுந்தன. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றி ஓடி வந்து மகளுக்கு முன்னால் நின்றார்.

ஆவுடை அவரைத் தாண்டி மேசையைப் பார்த்தாள்.

“எல்லாம் விழுந்துட்டு” என்றாள்.

“விழட்டும்.”

அப்பா வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து அவள் கேட்டதே இல்லை. அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

“விழட்டும் தாயி” என்றார் மறுபடியும். பெற்ற மகளைத்தான் அப்படிக் கூப்பிட்டார்.

ஆவுடை போய்ப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் எதிர்ப்பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்.

ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். மேசை கலைந்து கிடந்ததை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. பூவை ஒதுக்கி இலை போட்டுக்கொண்டார்கள். பிள்ளைகள் கிளிகளைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டன. உடைந்த கிளியை ஒரு பெரியம்மா சாம்பாருக்குக் காத்திருந்த நேரத்தில் பிரித்து மறுபடி முடைந்தாள், அது கிளியாக வராமல் கோழியாக வந்தது. அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

தாயிதான் பரிமாறினாள். ஆவுடையின் இலைக்கு முன்னால் செம்பில் தண்ணீரை வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் அடுத்த இலைக்குப் போனாள்.

ஆவுடை செம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எடுத்து, வலதுகையில் ஊற்றிக்கொண்டாள்.

கொம்பையா மகள் சாப்பிடுவதை வைத்த கண் வாங்காமல் பார்த்தார். காதோரம் நாலைந்து முடி நரைத்திருந்தது. புருவத்துக்கு மேலே ஒரு சின்ன மச்சம், பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும். சோற்றைப் பிசையும்போது சுண்டுவிரலை மட்டும் தூக்கிக்கொள்கிறாள், அவள் அம்மாவைப் போலவே. இந்த முகம் இவ்வளவு காலம் எங்கே இருந்தது? மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இலையில் வைத்த பொங்கல் ஆறிக்கொண்டிருந்தது.

“என்ன பாக்குதீய?” என்றாள் ஆவுடை.

“ஒண்ணுமில்லம்மா.”

“சாப்பிடுங்க. மெலிஞ்சு போயிருக்கீய.”

அவர் சாப்பிட்டார். சிறுகிழங்கு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று மகள் கேட்டாள். அதற்கப்புறம் அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவர்களோடு இருக்கட்டும். வெயில் தாழ்ந்தபிறகுதான் அவள் ஆட்டோ ஏறினாள்.

எல்லோரும் போனபின் தாயியும் கொம்பையாவும் மேசையைத் துடைத்தார்கள். மிஞ்சியிருந்த பூவைத் தாயி ஒரு பக்கமாகக் கூட்டினாள்.

“அண்ணாச்சி.”

“சொல்லுங்க தாயி.”

“ஆவுடை இலைக்கு முன்னால என்ன பூ இருந்துச்சு?”

கொம்பையா வாயைத் திறந்தார். எந்தக் கல்யாணத்தில், எந்தத் தூணில், எந்தப் பூ என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்கிற மனுஷர். ஆவாரையா? பூளையா? அங்கே பூ இருந்ததா, இல்லையா? அவள் உட்கார்ந்திருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“ஞாபகத்துக்கு வரமாட்டேங்குதே தாயி.”

“அப்ப சரி” என்றாள் தாயி. “பந்தி நல்லா நடந்திருக்கு.”