பொக்கிஷத்துக்கு வந்த ஆடுகள்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குப் பொழுது போகாத காலத்தில், ஒரு ராஜாவுக்குப் பொறாமை வந்துவிட்டது. சிறு வியாபாரிகள் அரண்மனைப் பொக்கிஷத்தை விட்டுவிட்டுச் சேகு மரைக்காயர் என்ற வணிகரிடம் கடனுக்குப் போனார்கள். மரைக்காயர் வட்டி வாங்கமாட்டார். அவர் மார்க்கத்தில் அது ஆகாது. வேண்டிய சரக்கைத் தாமே வாங்கி, லாபம் வைத்துத் தவணைக்கு விற்பார். சரக்கு கைமாறும்வரை நட்டமும் அவருடையதுதான்.

"நாமும் அவ்வாறே செய்வோம்" என்றார் ராஜா.

பொக்கிஷதார் தாண்டவராயர் ஓலைகளில் 'வட்டி' என்று இருந்த இடத்திலெல்லாம் 'லாபம்' என்று எழுதி, சரக்கைத் தாமே வாங்கி விற்றதாகவும் சேர்த்துக்கொண்டார். பழைய கள், புதிய மொந்தை. சரக்கை அவர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. பணத்தை நீட்டி, "நீயே வாங்கிக்கொள்" என்றுவிடுவார்.

அப்படி மூக்காயி என்ற ஆட்டு வியாபாரி வாங்கி ஓட்டிவந்த ஆடுகளைச் சந்தையிலிருந்து வரும் வழியிலேயே ஆற்று வெள்ளம் கொண்டுபோயிற்று. ஆடு போனாலும் லாபம் போகலாமா? தாண்டவராயர் அவள் வீட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பிள்ளைகள எங்க சாமி படுக்க வைப்பேன்?" என்று மூக்காயி அரண்மனை விகடன் கூத்தையனிடம் வந்து அழுதாள். கூத்தையன் சபையில் அவளுக்காகப் பேசினான்.

கூத்தையனைக் கண்டாலே ஆகாத தாண்டவராயருக்கு இது வாய்ப்பாயிற்று. "மகாராஜா, இவருக்குப் பரிவு அதிகம். அதே மாதிரி ஓலையில் கையெழுத்திட்டு, நம் பணத்தில் ஆடு வாங்கி விற்று, அவள் கடனையும் இவரே அடைக்கட்டும். தவறினால் ஊரைவிட்டுப் போகட்டும்."

ராஜாவுக்கு வேடிக்கை இருந்தால் போதும். "ஆகட்டும்" என்றார்.

மறுநாள், கூத்தையன் அந்தப் பணத்தில் வாங்கிய ஆட்டு மந்தை பொக்கிஷ அறைக்குள் நுழைந்தது. பட்டுத் திண்டின் மேல் ஒரு கிடா ஏறி நின்றது. இன்னொன்று தாண்டவராயரின் சரிகைத் துண்டை மெல்ல ஆரம்பித்தது.

"என்ன அக்கிரமம் இது?" என்றார் சத்தம் கேட்டு வந்த ராஜா.

"தாங்கள் இட்ட ஓலைப்படிதான், பிரபு" என்றான் கூத்தையன். "பொக்கிஷதார் ஆடு வாங்கி எனக்கு விற்றதாக அதில் இருக்கிறது. அவர் வாங்கிய ஆடு முதலில் அவரிடம்தானே வரவேண்டும்? பார்த்து விற்கட்டும். அதுவரை தழை போடுவதும், சாணி அள்ளுவதும் அவர் பாடு."

"இவை என் ஆடுகள் அல்ல. நான் எதையும் வாங்கவில்லை" என்று தாண்டவராயர் துண்டின் மறுமுனையை இழுத்தார்.

"வாங்காததை எப்படி விற்றீர்? விற்காததற்கு ஏது லாபம்? இல்லை, வாங்கினேன் என்றால், வெள்ளத்தில் போனதும் உம்முடைய ஆடுதான். இரண்டில் எதையாவது ஒப்புக்கொள்ளும். மூக்காயி வீட்டுச் சாவியை மட்டும் இப்போதே கொடும்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாவி கைமாறியது. மந்தை கூத்தையனுக்குப் பரிசாயிற்று. அவன் அதை மூக்காயிக்கே கொடுத்தான், ஒன்றைத் தவிர.

"துண்டைத் தின்ற ஆட்டை மட்டும் பொக்கிஷதாருக்கே விற்கிறேன், பிரபு. லாபம் உண்டு, தவணையும் உண்டு" என்றவன், ஆட்டுக் கயிற்றைத் தாண்டவராயர் கையில் வைத்து அழுத்தினான். "சரக்கை ஒப்படைத்துவிட்டேன். இனி இது செத்தால் நட்டம் உமக்கு."