மைனாவின் அலகில் துடைப்பம்

ஒரு காட்டில் நடந்த கதை இது, குழந்தைகளே. நான் நேரில் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் போய்வந்த கொக்கு ஒன்று சொல்லக் கேட்டேன்.

அது கடுங்கோடை. மரங்களில் பழம் இல்லை. இருந்ததெல்லாம் நரியின் பழக்கடையிலும் எதிரே இருந்த குரங்கின் கடையிலும்தான். நரியிடம் ஒரு மைனா வேலை பார்த்தது. சம்பளம் கிடையாது. பத்துப் பழம் விற்றுக் கொடுத்தால் ஒரு பழம் பங்கு. பொந்தில் இருந்த குஞ்சுகள் அந்தப் பங்கை நம்பித்தான் வாயைத் திறந்தன.

மைனாவுக்குக் குரல்தான் மூலதனம். மானை மான் குரலில் கூப்பிடும், மயிலை மயில் குரலில் கூப்பிடும். தங்கள் பேச்சிலேயே அழைத்தால் யார்தான் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்?

ஒருநாள் நரி, "அம்மா மைனா, வாசலைக் கொஞ்சம் பெருக்கிவிடேன். சின்ன வேலை" என்றது. அடுத்து அழுகிய பழங்களைப் பொறுக்கச் சொன்னது. பிறகு ஈ விரட்டவும் சொன்னது.

"இதற்கெல்லாம் பங்கு உண்டா, முதலாளி?"

"பெருக்கினால் பழம் விற்குமா? நம் கடையை நாம் பெருக்கக் கணக்குப் பார்ப்பாயா?"

"நம் கடை என்றால், நம் பழத்தில் இரண்டு எடுத்துக்கொள்ளட்டுமா?"

"வாய் நீளுகிறது உனக்கு. பெருக்கு."

துடைப்பத்தை அலகில் கவ்வினால் கூப்பிட முடியாது. அந்த நேரத்தில் வந்தவர்களுக்கு நரியே விற்றது. அதில் மைனாவுக்குப் பங்கில்லை. அன்று அது வெறும் அலகோடு பொந்துக்குத் திரும்பியது. குஞ்சுகள் கத்தி ஓய்ந்து தூங்கின.

மறுநாள் காலை, கல்யாணத்துக்குப் பழம் வாங்கக் கரடிக் கூட்டம் ஒன்று பாதையில் வந்தது.

"கூப்பிடு, கூப்பிடு" என்றது நரி.

மைனா பெருக்கிக்கொண்டே இருந்தது.

"காது கேட்கவில்லையா? அவர்கள் குரங்கின் கடைப் பக்கம் திரும்புகிறார்கள்."

மைனாவுக்கும் அது தெரிந்தது. கரடிகள் போய்விட்டால் இன்றும் குஞ்சுகளுக்குப் பட்டினிதான். ஆனாலும் உடனே கூப்பிடாமல், துடைப்பத்தை மெல்லக் கீழே வைத்தது.

"எனக்கு அலகு ஒன்றுதான், முதலாளி. நான் பெருக்கவும் வேண்டுமென்றால் அதற்குத் தினம் ஒரு பழம் தனியாகத் தாருங்கள். இல்லையென்றால் துடைப்பத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்."

சொல்லிவிட்டு மறுபடியும் கவ்விக்கொண்டது.

நரி கரடிகளைப் பார்த்தது, பழங்களைப் பார்த்தது. ஒரு பழம் கொடுக்கவும் அதற்கு மனம் வரவில்லை.

"சரி, இப்படிக் கொடு" என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டது.

மைனா கிளைக்குத் தாவி, கரடிக் குரலில், "மாப்பிள்ளை வீட்டாரே, எங்கள் பலாவைப் பார்க்காமலே போகிறீர்களே" என்றது. கரடிகள் திரும்பி வந்தன. உச்சிவேளைக்குள் பாதிக் கடை காலி. மாலையில் குஞ்சுகள் விக்கல் எடுக்கும்வரை தின்றன.

கேட்ட கதை என்பதால் பிறகு நானே விசாரித்துப் பார்த்தேன். மைனா இன்னும் அங்கேதான் விற்கிறது. துடைப்பம் தேய்ந்துபோனதால், நரி இப்போது தன் வாலால் வாசல் பெருக்குகிறது.

நீதி: ஒரு வேலையைச் சின்ன வேலை என்று சொல்லிக் கூலி மறுப்பவர், அதைத் தாமே செய்துகொள்ள வேண்டும்.