இருப்பவருக்கும் ஒரு சொல்

இந்தக் கதையை நான் நேரில் கேட்கவில்லை. என் விடுதித் தோழி ஜெசிந்தாவின் அக்கா நியூசிலாந்தில் தாதியாக இருக்கிறார். அவர் இவளிடம் தொலைபேசியில் சொன்னதை இவள் எனக்குச் சொன்னாள். இடையில் எவ்வளவு மாறியதோ தெரியாது. மாவோரி மக்களின் பழங்கதை இது என்று அடித்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. கேட்டதை எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின, மனிதர்களுக்கும் அது புரிந்தது. நியூசிலாந்தின் ஒரு கடற்கரைச் சேற்றில் பட்டைவால் மூக்கன் ஒன்றும் வேக்கா ஒன்றும் சேர்ந்து இரை தேடின. மூக்கனுக்கு நீண்ட அலகும் கடல் தாண்டும் சிறகும் உண்டு. வேக்கா கோழி அளவிலான பழுப்புப் பறவை. சிறகு இருந்தும் பறக்க வராது.

கோடை முடிந்ததும் மூக்கன்கள் கூட்டமாக வடக்கே போய்விடும். கரையில் இருப்பவர்கள், "ஹைரே ரா!" என்று கூவுவார்கள். நல்லபடியாகப் போ என்று பொருள். போகிறவர்கள் பதிலே சொல்ல மாட்டார்கள். கிளம்பிய பின் திரும்பிப் பார்த்தால் காற்று கைவிட்டுவிடும் என்று பயம்.

கூட்டம் போனதும் வேக்கா இரை எடுக்காமல் கரையிலேயே கிடக்கும். போன வருடம் அது பிழைத்ததே பெரிது.

அந்த வருடமும் கிளம்பும் நாள் வந்தது. மூக்கன் பயணத்துக்காகத் தின்று தின்று உருண்டையாகியிருந்தது.

"இந்த வயிற்றோடு பறப்பாயா, உருள்வாயா?" என்றது வேக்கா.

"என்னை விடு. நீ ஏன் இப்படி இளைத்துப்போய் நிற்கிறாய்? இதோ நண்டு, தின்னேன்."

"பசிக்கவில்லை."

"நான் இன்னும் கிளம்பவே இல்லையே!"

வேக்கா மணலைக் கிளறியது. "என் சொல்லை நீ கொண்டுபோகிறாய். வழியெல்லாம் அது உனக்குத் துணை. எனக்கு எதை விட்டுப் போகிறாய்? கால்தடத்தை. அதையும் அலை அழித்துவிடுகிறது."

மூக்கன் மணலில் தன் கால்தடத்தைப் பார்த்தது.

"டேய், என்ன பேச்சு அங்கே?" என்று கத்தியது கூட்டத்தின் தலைவன். "பிந்தினால் தனியாகத்தான் பறக்கணும்!"

கூட்டம் எழுந்தது. வேக்கா "ஹைரே ரா" என்றது. நண்டு அதன் காலருகே ஊர்ந்தது. வேக்கா குனியக்கூட இல்லை.

மேலிருந்து மூக்கன் அதைப் பார்த்தது. பார்த்ததோடு நிற்காமல் திரும்பியும் வந்தது.

"பைத்தியமா உனக்கு?" என்றது தலைவன்.

மூக்கன் வேக்காவின் தலைக்கு மேலே தாழப் பறந்தது. "ஏ நொஹோ ரா! நல்லபடியாக இரு. நான் வரும்போது நீ இங்கே இருக்கணும். முதலில் அந்த நண்டைத் தின்னு!"

காற்று கைவிடவில்லை. கூட்டத்தின் கடைசியில் ஓர் இடம் காலியாகவே இருந்தது. மூக்கன் அதில் சேர்ந்துகொண்டதும் தலைவன் முறைத்தது. கொஞ்ச தூரம் போனபின் மெல்லக் கேட்டது: "அது என்ன சொல்? எனக்கும் சொல்லிக் கொடு. அந்தக் கரையில் எனக்கும் ஒருத்தி இருக்கிறாள்."

கீழே வேக்கா நண்டைத் தின்றது. பக்கத்தில் சிப்பி பொறுக்கிய பெண்கள் இதையெல்லாம் கேட்டார்கள். அடுத்த படகு கிளம்பியபோது, போகிறவர்கள் தங்களுக்கும் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றார்கள். அன்று முதல்தான் அந்த நாட்டில் இருப்பவர் போகிறவருக்கு ஒரு சொல் சொல்கிறார், போகிறவர் இருப்பவருக்கு வேறொரு சொல் சொல்கிறார்.

பிறகு சரிபார்த்தேன். பறவைகள் பேசியதற்குச் சான்று இல்லை. இரண்டு சொற்களும் உண்மை. கடல் தாண்டித் தொங்கா தீவுகளிலும், புறப்படுகிறவர் இருப்பவரிடம் "நொஃபோ ஆ" என்றுதான் விடைபெறுகிறார். அங்கேயும் அதற்கு "இரு" என்றே பொருள்.