உச்சிவெயிலில் கேட்கும் சம்மட்டி

அந்தக் காலத்தில் மாடும் பறவையும் மனிதரோடு பேசும். மலைக்கணவாய்க்கு இப்பால் காடு திருத்தி ஒரு சிறு நாடு புதிதாக எழுந்திருந்தது. உழவன் வேட்டன் அதற்குத் தலைவன். கொல்லன் பொறையன் உலைக்களத்தில் ஏருக்குக் கொழுவும் மாட்டுக்கு லாடமும் அடித்தான். நல்லினி பொதிமாடுகளில் நெல் ஏற்றிக் கணவாயைக் கடந்து போய், உப்பும் துணியும் கொண்டுவந்தாள்.

மூன்று விளைச்சல் அடுத்தடுத்து நன்றாக வந்ததும் வேட்டனுக்குத் தலை கனத்தது. உலைக்களத்தின் வாசலில் வந்து நின்றான்.

"நாங்கள் வெயிலில் வேகிறோம். ஒரு நெல்மணிகூட விளைவிக்காத நீ நிழலில் உட்கார்ந்து இரும்பைத் தட்டுகிறாய். உனக்கு எதற்குச் சோறு?"

லாடம் கட்ட வந்திருந்த நல்லினியின் கிழமாடு தலையைத் தூக்கியது. "தலைவரே, இவர் கட்டும் லாடம் இல்லாமல் கணவாய்ப் பாறையில் என்னால் கால் வைக்க முடியாது."

"உன்னைக் கேட்டேனா?" என்ற வேட்டன், ஒரு குடம் தண்ணீரைத் தூக்கி உலையில் ஊற்றினான்.

பொறையன் சண்டை போடவில்லை. ஈரச் சாம்பலைக் கிளறி, அணையாமல் கிடந்த ஒரே நெருப்புக் கங்கை எடுத்து வாய்க்குள் போட்டு மூடிக்கொண்டான். காட்டை நோக்கி நடந்தான். அவன் தொண்டைத் தோலுக்குள் அது சிவப்பாகத் தெரிந்ததாம்.

மழை வந்தது. மழுங்கிய கொழு மண்ணைக் கீறவில்லை. லாடம் தேய்ந்து மாடுகள் நொண்டின. வெளியே போக வழியில்லாத நெல் குதிரிலேயே முளைத்து நாறியது. உப்பு தீர்ந்து போனது. வேட்டனின் மகள் உப்பில்லாச் சோற்றைத் தள்ளிவிட்டு, உப்புப் பூத்த சுவரை நக்கிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள், காற்றும் அசையாத உச்சிவேளையில், காட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. டொக்... டொக்... டொக்...

"பொறையனின் சம்மட்டிதான்!" வேட்டன் ஓடினான். நல்லினி பின்னால் ஓடினாள். சத்தம் ஆலமரத்தில் கேட்டது. ஆலமரத்தடிக்குப் போனால் அத்திமரத்தில் கேட்டது. அத்திமரத்தடியில் நின்றபோது முதுகுக்குப் பின்னால் கேட்டது. மனித வாடையே இல்லை. உச்சிக்கிளையில் மட்டும் ஒரு சிறு பச்சைப் பறவை. அதன் நெற்றியும் மார்பும் தீப்பட்டதுபோல் சிவந்திருந்தன.

வேட்டன் கைகூப்பினான். "பொறையா, இறங்கி வாப்பா. உலையை நானே மூட்டித் தருகிறேன்."

பறவை பொறையனின் குரலில் கேட்டது: "எதை வைத்து மூட்டுவாய்? அடுப்பு நெருப்புக்கு இரும்பு இளகாது. உலை நெருப்பு என்னிடம் இருக்கிறது."

அதற்குப் பிறகு அது மனிதப் பேச்சு பேசவே இல்லை.

வேட்டன் வீடு திரும்ப மறுத்தான். மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான். தட்டுக்குத் தட்டு அவன் தலை ஆடியது. நல்லினி அவன் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் தலை ஆடுவது நிற்கவில்லை. சாகும்வரை ஆடிக்கொண்டே இருந்தது.

நல்லினி தனியாகக் கணவாயை நடந்து கடந்து, ஊர் ஊராகக் கெஞ்சி, வேறொரு கொல்லரை உலை நெருப்போடு அழைத்து வந்தாள். அவருக்கு உலை மூட்டிக் கொடுத்துவிட்டுத்தான் ஊரார் ஏர் பூட்டினார்கள்.

அந்தப் பச்சைப் பறவைதான் குக்குறுவான். அன்று முதல் அது நெல்லைத் தொடுவதில்லை, ஆலம்பழமும் அத்திப்பழமுமே தின்கிறது. உச்சிவெயிலில் அது தட்டுவதைக் கேட்டு நீங்கள் மரத்தடிக்குப் போனால், சத்தம் அடுத்த மரத்திலிருந்து வரும்.