கடமானின் இரவல் குரல்

ஒரு காட்டில் அரசன் என்று யாரும் கிடையாது. கேட்க வியப்பாக இருக்கிறதா, பிள்ளைகளே? மூங்கில் அடர்ந்த மலைச்சரிவு அது. புல்லும் இலையும் பழமும் தின்று வாழும் பிராணிகள் எல்லாம் கூடித் தங்களுக்கு ஒரு தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டன.

தேர்தல் நடத்தும் முறை எளிது. குளக்கரையில் பொந்து விழுந்த இரண்டு மருத மரங்கள் இருந்தன. போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு மரத்தடியில் நிற்பார்கள். யாரைப் பிடிக்கிறதோ அவருடைய மரத்துப் பொந்தில் ஒரு கடுக்காயைப் போட்டுவிட்டுப் போக வேண்டும். எந்தப் பொந்தில் அதிகம் விழுகிறதோ அவரே தலைவர்.

நெடுங்காலமாக ஒரே மரத்துப் பொந்துதான் நிறைந்துகொண்டிருந்தது. அது பெருந்திமிலன் என்ற காட்டெருதின் மரம். பாறை போன்ற உடம்பு. எதற்கும் பதறாத குணம். யார் என்ன குறை சொன்னாலும் அசைபோட்டுக்கொண்டே, "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும். அதைக் கேட்டதும் குறை சொல்ல வந்தவர்களுக்கும் கொஞ்சம் தூக்கம் வந்துவிடும்.

அதை எதிர்த்து நின்று தோற்றுக்கொண்டே இருந்தது நெடுங்கொம்பன் என்ற கடமான்.

நெடுங்கொம்பன் கவலைப்படுகிற பிராணி. மாலையில் எல்லாரும் தண்ணீர் குடிக்கும்போது அது மட்டும் குடிக்காமல் மேட்டில் நின்று மூக்கை உயர்த்திக் காற்றை முகரும். புலி வாடை பட்டால் "ப்பாங்க்" என்று ஒரு சத்தம் போடும். உடைந்த ஊதுகொம்பை யாரோ முழுமூச்சாக ஊதியது போல இருக்கும் அது. எல்லாரும் ஓடித் தப்பிப்பார்கள். தப்பித்த பிறகு, "என்ன குரலப்பா இது, காது கிழிந்துவிட்டது" என்று சலித்துக்கொள்வார்கள்.

தேர்தல் கூட்டத்தில் பேசினாலும் அதே குரல்தான். "குளத்தைச் சுற்றி நாணல் என் கொம்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. உள்ளே புலி படுத்திருந்தாலும் தெரியாது. போன கோடையில் அங்கேதான் குட்டிகளைப் பறிகொடுத்தோம். நாணலை மிதித்து அழிக்க வேண்டும். முறை வைத்துக் காவல் நிற்க வேண்டும்."

சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் முதல் வாக்கியத்திலேயே முயல்கள் எழுந்துவிடும். இரண்டாவதில் அணில்கள் மரம் ஏறிவிடும். கடைசியில் எதிரே புல் மட்டும் இருக்கும்.

அடுத்த தேர்தல் நெருங்கிய சமயம். யாருமே வராத ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு நெடுங்கொம்பன் தனியே நின்றுகொண்டிருந்தது. மேலே கிளையில் இறகசையும் சத்தம் கேட்டது.

"தலைவரே, உங்கள் கருத்தில் ஒரு குறையும் இல்லை. குரலில்தான் குறை" என்றது ஒரு கரிச்சான் குருவி.

கறுத்த உடம்பு, பிளவுபட்ட நீண்ட வால். இரட்டைவாலன் என்று பெயர். எந்தப் பறவையின் குரலையும் அப்படியே பேசிக்காட்டும். பருந்து போலக் கத்திக் குருவிகளை விரட்டிவிட்டு அவற்றின் புழுவைத் தின்னும் அளவுக்கு அதில் தேர்ச்சி.

"குரலை என்ன செய்வது? பிறவியில் வந்தது" என்றது நெடுங்கொம்பன்.

"என்னிடம் விடுங்கள். குரல், தோற்றம், பேச்சு மூன்றையும் மாற்றுகிறேன். இந்தமுறை உங்கள் பொந்து நிறையும்."

"உனக்கு இதில் என்ன கிடைக்கும்?"

"என் குரலால் ஒருவர் ஜெயித்தார் என்றால் அது போதாதா?"

நெடுங்கொம்பன் யோசித்தது. தலைவரானால்தானே நாணலை அழிக்க முடியும்? தலைவராக வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும். இதில் தவறு ஒன்றும் இருப்பதாக அதற்குத் தோன்றவில்லை. சம்மதித்தது.

மறுநாளே வேலை தொடங்கியது. கடமான்களுக்குச் சேற்றில் புரள்வது உயிர். "இனிமேல் சேறு கூடாது" என்றது இரட்டைவாலன். ஓடையில் நிற்கவைத்து உடம்பு பளபளக்கும்வரை கழுவச் சொன்னது. கொம்புகளில் முல்லைக்கொடியைச் சுற்றியது. பூவும் இலையும் அடர்ந்த அந்தக் கொம்புக்குள் தானும் போய் ஒளிந்து உட்கார்ந்துகொண்டது.

"நான் பேசுவேன். நீங்கள் வாயை மட்டும் அசைத்தால் போதும். உங்கள் சொந்தக் குரல் ஒருவர் காதிலும் விழக் கூடாது."

"மாலையில் காவல் நிற்பேனே, அப்போது?"

"மாலையில்தான் கூட்டம் சேரும். காவலை யாராவது பார்த்துக்கொள்வார்கள்."

'பார்த்துக்கொள்வார்கள்' என்ற சொல் நெடுங்கொம்பனுக்கு உறுத்தியது. ஆனாலும் வாயசைத்துப் பழகத் தொடங்கியது.

முதல் கூட்டத்திலேயே காடு சொக்கிப்போனது. மாங்குயிலின் குரலில் தேன் சொட்டச் சொட்டப் பேச்சு. "என் அன்புச் சொந்தங்களே, உங்கள் காலடியில் புல் மெத்தையாக இருக்கட்டும், உங்கள் கிளைகளில் பழம் குலுங்கட்டும்" என்றது கொம்புக்குள் இருந்த குருவி. நெடுங்கொம்பன் வாயை அசைத்தது. எழுந்து போன முயல்கள் திரும்பி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தன.

"நெடுங்கொம்பனா இது?" என்று ஒரு மந்தி வியந்தது. "எவ்வளவு மாறிவிட்டார்."

நாளுக்கு நாள் கூட்டம் பெருகியது. அருகம்புல் வெளி முயல்களுக்கே என்றது பேச்சு. அதே வெளி புள்ளிமான்களுக்கே என்றது இன்னொரு நாள். கடமானுக்கு உடம்பெல்லாம் அரித்தது. சேறு பூசாத தோலில் ஈக்கள் மொய்த்தன. ஆனாலும், பிள்ளைகளே, ஒன்றை மறைக்கக் கூடாது. தன்னைக் கண்டதும் கூட்டம் ஆர்ப்பரிப்பது அதற்கு மிகவும் பிடித்திருந்தது. அதுவரை யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததுகூட இல்லையே.

ஒருநாள் பஞ்சவால் என்ற முயல், குட்டிகளைப் பெற்றவள், எழுந்து கேட்டாள். "அண்ணே, முன்பெல்லாம் நாணலைப் பற்றிச் சொல்வீர்களே. அதற்குள் புகுந்து விளையாட என் பிள்ளைகள் துடிக்கிறார்கள். விடலாமா, கூடாதா?"

கூடாது என்ற சொல் நெடுங்கொம்பனின் தொண்டை வரை வந்துவிட்டது. அதற்குள் கொம்பிலிருந்து குரல் வழிந்தது. "நாணல் நம் குளத்தின் அழகு, தங்கையே. பிள்ளைகள் விளையாடாத இடம் ஓர் இடமா?"

கூட்டம் ஆரவாரித்தது. நெடுங்கொம்பனின் வாய் அசைந்து முடிந்திருந்தது.

தனியே வந்ததும் அது குருவியிடம் கேட்டது. "நான் நினைப்பதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டாயே?"

"பயம் காட்டினால் காய் விழாது, தலைவரே. முதலில் ஜெயிப்போம். நாணலைப் பிறகு அழித்துக்கொள்ளலாம்."

"அதுவரை குட்டிகள்?"

"இன்னும் கொஞ்ச நாள்தானே."

நெடுங்கொம்பன் சமாதானம் ஆகவில்லை. ஆனால் மறுப்பும் சொல்லவில்லை.

தேர்தலுக்கு முந்தைய மாலை, குளக்கரையில் கடைசிக் கூட்டம். காடே திரண்டு வந்திருந்தது. பெருந்திமிலன்கூட ஓரமாக வந்து நின்று அசைபோட்டது. பெரியவர்கள் மேட்டில் உட்கார்ந்து கேட்டார்கள். முயல்குட்டிகளும் புள்ளிமான் குட்டிகளும் கீழே நாணலுக்குள் ஓடிப்பிடித்து விளையாடின. காவலுக்கு ஒருவரும் இல்லை.

"என் அன்புச் சொந்தங்களே" என்று குரல் தொடங்கியது. நெடுங்கொம்பன் வழக்கம்போல வாயை அசைத்தது.

அப்போது குளத்தின் மறுபக்கம் நாணல் ஆடியது. காற்று தெற்கே வீச, நாணல் வடக்கே சாய்ந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும். சற்று நின்றது. மறுபடி ஆடியபோது குட்டிகளுக்கு இன்னும் அருகில் ஆடியது. பிறகு வாடை வந்தது. புலி.

நெடுங்கொம்பனின் வாய் நின்றுவிட்டது.

"அசையுங்கள் தலைவரே" என்று குருவி கிசுகிசுத்தது. "இன்னும் நாலு வார்த்தைதான். முடித்துவிடுகிறேன்."

இப்போது கத்தினால் எல்லாம் போய்விடும். பூ போய்விடும், ஆர்ப்பரிப்பு போய்விடும், நாளைய கடுக்காய்கள் போய்விடும். ஒரு மூச்சு நேரம் கடமான் தயங்கியது உண்மை. அந்த ஒரு மூச்சை நினைத்து அது பிற்பாடு பலமுறை வெட்கப்பட்டிருக்கிறது.

அடுத்த மூச்சில் அது கத்தியது. "ப்பாங்க்."

கூட்டம் திகைத்தது. ஒருவரும் ஓடவில்லை. ஏனென்றால் அதே கொம்பிலிருந்து தேன் குரலும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. "அஞ்ச வேண்டாம் சொந்தங்களே, எல்லாம் நலமே." ஒரு தலையிலிருந்து இரண்டு குரல் வந்தால் எதை நம்புவது?

நெடுங்கொம்பன் தலையைப் பலமாக உதறியது. முல்லைக்கொடி அறுந்து விழுந்தது. இலைகளோடு குருவியும் வெளியே வந்து விழுந்து, தட்டுத் தடுமாறிப் பறந்தது. கடமான் முன்காலால் தரையை அறைந்து மறுபடியும் கத்தியது. "ப்பாங்க். நாணலுக்குள் புலி. குட்டிகளே, மேட்டுக்கு வாருங்கள்."

பஞ்சவால்தான் முதலில் எழுந்தாள். "இது நம் நெடுங்கொம்பண்ணன் குரல்" என்றாள். "பழைய குரல். அது ஒருநாளும் பொய்த்ததில்லை. ஓடி வாருங்கள் பிள்ளைகளா."

குட்டிகள் விழுந்தடித்து மேட்டுக்கு ஓடிவந்தன. ஒரு புள்ளிமான் குட்டிக்கு மட்டும் கால் சேற்றில் புதைந்துவிட்டது. நெடுங்கொம்பன் மேட்டிலிருந்து பாய்ந்து இறங்கிக் குட்டிக்கும் நாணலுக்கும் நடுவே நின்று கொம்பைத் தாழ்த்தியது. நாணல் விலகியது. மஞ்சள் முகம் ஒன்று வெளியே வந்தது. தாழ்ந்திருந்த கொம்பைப் பார்த்தது. மேட்டில் விழித்தபடி நின்ற மொத்தக் காட்டையும் பார்த்தது. ஒளிந்து பிடிக்க வந்த புலிக்கு, எல்லாரும் பார்த்துவிட்ட பிறகு அங்கே வேலை இல்லை. ஓர் உறுமல் உறுமிவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

தாய்கள் தங்கள் குட்டிகளை முகர்ந்து முகர்ந்து பார்த்தார்கள். ஒருத்தியும் குறையவில்லை, ஒருவனும் குறையவில்லை. பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. சிலர் காரணமே இல்லாமல் சிரித்தார்கள்.

நெடுங்கொம்பன் சேறும் கிழிந்த கொடியுமாக அவர்கள் முன் வந்து நின்றது.

"இத்தனை நாள் நீங்கள் கேட்ட குரல் என்னுடையது அல்ல. குருவி பேசியது, நான் வாயசைத்தேன். நாணல் அழகு என்று சொன்னதும் பொய். ஒரே புல்வெளியை முயல்களுக்கும் மான்களுக்கும் தருவதாகச் சொன்னதும் பொய். ஜெயிக்கும் ஆசையில் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தக் குட்டிகள் என்னால்தான் நாணலுக்குள் போனார்கள்."

பஞ்சவால் முன்னால் வந்து சொன்னாள். "கோபமாகத்தான் இருக்கிறது, அண்ணே. உங்கள் பேச்சை நம்பித்தான் நான் என் பிள்ளைகளை அனுப்பினேன்."

"கோபப்படு தங்கையே. நியாயம்தான்."

பெருந்திமிலன் அசைபோடுவதை நிறுத்தாமல், "விடு தம்பி, எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்றது. இந்தமுறை அதைக் கேட்டு யாருக்கும் தூக்கம் வரவில்லை.

இரட்டைவாலன் கலைந்த இறகைக் கோதியபடி, "உங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது" என்று சொல்லிவிட்டு, நேராகப் பெருந்திமிலனின் முதுகில் போய் உட்கார்ந்தது. "தலைவரே, உங்கள் கருத்தில் ஒரு குறையும் இல்லை" என்று அங்கே தொடங்கியது.

நெடுங்கொம்பன் அன்று சேற்றுப் பள்ளத்துக்குப் போய் ஆசை தீரப் புரண்டது. அரிப்பு அடங்கியது. நாளைக்குத் தோற்பது உறுதி என்று அதற்குத் தெரியும். இருந்தும் மனம் லேசாக இருந்தது. இனி வாயசைக்க வேண்டாம். தோற்றாலும் மாலையில் மேட்டில் நிற்கலாம்; வேண்டியபோது கத்தலாம். அதற்கு யாருடைய கடுக்காயும் தேவையில்லை.

விடிந்தது. கடமான் காய்ந்த சேற்றுடன் தன் மருத மரத்தடியில் போய் நின்றது. பிராணிகள் வரிசையாக வந்து காய்களைப் போட்டன. சிலர் அதன் முகத்தைப் பார்க்காமல் பெருந்திமிலன் மரத்துக்குப் போனார்கள். ஏமாற்றப்பட்டவர்களின் கோபம் அவ்வளவு எளிதில் போகாது. பஞ்சவால் இரண்டு மரத்துக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாள். பிறகு கடமானிடம் வந்தாள்.

"இனி எனக்குப் பிடிக்காததையும் உங்கள் குரலிலேயே சொல்வீர்களா?"

"சொல்வேன். காது கிழியும்."

"கிழியட்டும்" என்று அவள் காயைப் போட்டாள்.

எண்ணிப் பார்த்தபோது நெடுங்கொம்பனின் பொந்தில் கொஞ்சம் அதிகமாக இருந்தது. கொஞ்சம்தான். நெடுங்கொம்பன் மறுபடி எண்ணச் சொன்னது. மறுபடியும் அப்படியேதான் வந்தது.

புதிய தலைவர் முதல் வேலையாகப் பழைய தலைவரிடம் போனது. "பெரியவரே, நாணலை மிதிக்க வேண்டும். உங்கள் கால் கனம் எங்கள் யாருக்கும் கிடையாது. வருவீர்களா?"

பெருந்திமிலன் சற்று யோசித்தது. வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது. மேட்டில் நின்ற குட்டிகளைப் பார்த்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் எழுந்து குளத்துக்குள் இறங்கியது. நாணல் மளமளவென்று சாய்ந்தது. பின்னாலேயே மான்களும் முயல்களும் இறங்கி மிதித்தன. வெயில் ஏறுவதற்குள் குளத்தின் நாலு கரையும் பளிச்சென்று தெரிந்தன.

அன்று மாலை குட்டிகள் தண்ணீரில் வாய்வைத்துக் குடிக்க, தாய்கள் முதல்முறையாகத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல் நின்றார்கள்.

நீதி: பிறர் விரும்பும் குரலை இரவல் வாங்கினால் கூட்டம் சேரும், உண்மையைச் சொல்லும் சொந்தக் குரலுக்கே நம்பிக்கை சேரும்.