நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

"டீச்சர், எல்லாம் ஒழுங்காத்தான் ஏத்தினேன். ஒரு பேரும் வர மாட்டேங்குது."

பரிமளா டீச்சர் ரத்த வங்கி வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வேதமுத்து அண்ணாச்சி முறையிட்டுவிட்டார். அங்கே கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. வயது ஐம்பத்திரண்டு. அவருக்கு லினக்ஸ் சொல்லிக்கொடுத்த டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. வித்தைக்கு வயசு உண்டா?

"எது வரலை?"

"ரத்தம் குடுக்கிறவங்க பட்டியல். பதினோராயிரம் பேரு. காலையில மென்பொருளைப் புதுசாக்கினேன். இப்ப எல்லாம் காலி."

மூன்று மணிக்கு ஒரு பெண்ணுக்குப் பிரசவ ஆபரேஷன். அவள் ரத்தம் லட்சத்தில் ஒருவருக்குக்கூட வாய்க்காத வகை. ஜில்லாவிலேயே அந்த ரத்தம் உள்ளவர் இன்னும் ஒரே ஒருவர்தான். அவர் பெயரும் நம்பரும் அந்தப் பட்டியலுக்குள் கிடந்தன. நகலா? நகல் எடுத்து வைத்திருந்தால் அண்ணாச்சி ஏன் இப்படி வேர்த்து நிற்கிறார்.

"பழசைச் சுத்தமாத் துடைச்சிட்டு முதல்ல இருந்து ஏத்திரட்டுமா?"

"ஏத்தும்போது யாராவது வந்தாங்களா, அண்ணாச்சி?"

"யாரும் வரலை. கதவைச் சாத்திட்டுத்தான் உக்காந்தேன்."

டீச்சர் சுவரோரம் கிடந்த நாற்காலியை எடுத்துத் தூசி தட்டினார். கம்ப்யூட்டர் பக்கத்தில் போட்டார். உட்காரவில்லை.

"இது யாருக்கு?"

"வந்துட்டுப் போனவருக்கு."

வீடு பற்றி எரியும்போது நாற்காலி துடைக்கிறாளே இந்தப் பிள்ளை என்று அண்ணாச்சி மனசுக்குள் திட்டினார். வெளியே சொல்லவில்லை. என்ன இருந்தாலும் குரு.

"திரையில வரி வரியா ஓடிச்சா?"

"அது எப்பவும் ஓடும். யாரு படிக்கா? கடைசியில முடிஞ்சுதுன்னு வரும், அதைத்தான் பார்ப்பேன்."

"அதுவரைக்கும்?"

"டீ குடிச்சேன்."

டீச்சர் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பைத் திறந்தார். காலையில் ஓடிப்போன வரிகள் அத்தனையும் அதில் இருந்தன. அப்படி ஒரு கோப்பு உண்டு என்பதே அண்ணாச்சிக்குத் தெரியாது.

"படிங்க."

"எங்கிருந்து?"

"முதல் வரியில இருந்து. வாய்விட்டு."

படித்தார். எதைப் பிரித்தது, எதை எங்கே வைத்தது என்று ஒரே மாதிரி வரிகள். நூறு போயிற்று, முந்நூறு போயிற்று. மணி ஒன்றாகப் போகிறது. நாக்கு வறண்டது.

நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் குரல் நின்றது.

'பழைய பதிப்பிலிருந்து வருபவர்களுக்கு: இப்போது எல்லாம் காலியாகத் தெரியும். பயப்பட வேண்டாம். உங்கள் தரவு பழைய இடத்திலேயே பத்திரமாக இருக்கிறது. கீழே உள்ள கட்டளையைக் கொடுத்தால் இங்கே வந்துவிடும். அதற்கு முன் எதையும் துடைக்காதீர்கள்.'

அண்ணாச்சி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். துடைக்கப் போன கை.

"இதை எழுதினது யாரு, டீச்சர்?"

எந்த வரியை யார் எழுதினார் என்று பதிந்திருந்த இன்னொரு கோப்பை டீச்சர் காட்டினார். அண்ணாச்சி வாயில் நுழையாத ஒரு பெயர் இருந்தது. தேதியும் இருந்தது. ஏழு வருஷத்துக்கு முந்தியது.

"இவருக்கு நம்மளைத் தெரியுமா?"

"தெரியாது."

"நான் பயப்படுவேன்னு எப்படித் தெரிஞ்சுது? துடைக்கப் போவேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

கேட்டவர் பக்கத்தில் கிடந்த காலி நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார்.

அண்ணாச்சிக்கு மேலெல்லாம் புல்லரித்தது. கோயிலில்கூட அவருக்கு அப்படி ஆனதில்லை. அந்த வரியை இன்னொரு தரம் மெதுவாகப் படித்தார். பிறகு கட்டளையைக் கொடுத்தார்.

இரண்டு நிமிஷத்தில் பதினோராயிரம் பேரும் வந்து சேர்ந்தார்கள். ஜில்லாவில் இருந்த அந்த ஒரே ஆள் ஒரு லாரி டிரைவர். போனை எடுத்து, "இந்தா, கிளம்பிட்டேன்" என்றார்.

இத்தனை நேரம் நின்றதில் டீச்சருக்குக் கால் கடுத்தது. தான் தூசி தட்டிப் போட்ட நாற்காலியை இழுத்தார்.

அண்ணாச்சி சட்டென்று எழுந்து தன்னுடையதை நகர்த்திக் கொடுத்தார்.

"இதுல உக்காருங்க, டீச்சர். அதுல ஆள் இருக்கு."